கையில் ஊட்டி வளர்க்கும் கிளிக்குஞ்சைத் தானே தின்னப் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், ராமேசுவரம் என்று நம் கரையோர ஊர்களில் காக்டெயில், பட்ஜி என்ற சின்னக் கிளிகளை வளர்க்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: ஊட்டுவதை எப்போது நிறுத்தலாம்? என் பதில் எப்போதும் இதுதான்: நிறுத்த வேண்டியது குஞ்சு, நாம் அல்ல. அது முடிவெடுக்கும் வரை பக்கத்தில் எந்நேரமும் தீனி இருக்க வேண்டும், நம் கையில் ஒரு தராசு இருக்க வேண்டும்.

எத்தனை வாரத்தில் தானாகத் தின்னும்?

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கும் பட்ஜி 5 முதல் 7 வாரத்தில் பழகிவிடும். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் 6 முதல் 8 வாரம், காக்டெயில் 7 முதல் 10 வாரம், சன் கன்யூர் 8 முதல் 12 வாரம். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு 12 முதல் 16 வாரம் ஆகும், சிலதுக்கு அதற்கு மேலும் ஆகும்.

இதை நாள்காட்டியில் குறித்து வைத்து அன்றோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே கூட்டில் பிறந்த இரண்டு குஞ்சுகளில் ஒன்று முந்தும், இன்னொன்று இரண்டு வாரம் பிந்தும். பிந்திய குஞ்சில் எந்தக் குறையும் இல்லை.

பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்று விற்றவர் சொல்கிறார். சரியா?

சரியில்லை. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள்.

பசித்த குஞ்சு புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாது. அதற்குத் தெரிந்த ஒரே வழி கத்தி வாங்குவது, அதனால் கத்திக்கொண்டே இருக்கும். தட்டில் கிடக்கும் தினை தீனி என்பதே அதற்கு இன்னும் தெரியாது. வயிறு நிறைந்த குஞ்சுதான் நிதானமாக உட்கார்ந்து கண்ணில் பட்டதைக் கொத்தும், உருட்டும், உமியை உடைத்துப் பார்க்கும். இப்படி விளையாட்டாகத் தொடங்குவதுதான் தின்பதாக மாறுகிறது. வளர்ந்த காக்டெயிலின் எடையே 80 முதல் 100 கிராம்தான். அந்தச் சின்ன உடம்பில் நாலு வேளைப் பட்டினியைத் தாங்கும் சேமிப்பு கிடையாது.

பட்டினி போட்டுப் பழக்கிய குஞ்சுகள் சிலது பிழைத்துத் தின்னவும் செய்யும். அதைக் காட்டித்தான் இந்த யோசனை ஊர் ஊராகப் பரவுகிறது. ஆனால் அப்படி வளர்ந்த பறவைகளில் பல, பெரிதான பிறகும் எதற்கெடுத்தாலும் கத்தும், புதுத் தீனியைக் கண்டால் மிரளும். பிழைக்காத குஞ்சுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதலில் என்ன தீனி வைப்பது?

இந்த விஷயத்தில் நம் மாவட்டத்துக்காரர்களுக்குக் குறையே இல்லை. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் விளையும் குதிரைவாலி, சந்தையில் கிடைக்கும் கம்பு, தினை, சாமை, வீட்டுக்கு வீடு நிற்கும் முருங்கை எல்லாமே கிளிக்குஞ்சுக்கு நல்ல தீனி.

தொடக்கத்தில் மெத்தென்று இருப்பதே நல்லது. குழைய வேகவைத்த தினை அரிசி, வெந்த கேரட் துருவல், அவித்த முட்டை உதிர்த்தது, முளைகட்டிய பாசிப்பயறு ஆகியவற்றில் இரண்டு மூன்றைக் கலந்து, கை பொறுக்கும் சூட்டில் வையுங்கள். ஃபார்முலா, அதாவது குஞ்சுக்கென்று விற்கும் மாவைக் கரைத்து ஊட்டும் கூழ், வெதுவெதுப்பாக இருந்து பழகியதால் ஆறிப்போனதைக் குஞ்சு சீண்டாது. உப்பு, எண்ணெய், தாளிப்பு எதுவும் சேர்க்கக் கூடாது.

கூடவே தினைக்கதிர் ஒன்றைக் குஞ்சு நிற்கும் உயரத்திலேயே கட்டிவிடுங்கள். தட்டைத் திரும்பிப் பார்க்காத குஞ்சுகூடக் கதிரை இழுத்து உதிர்க்கும். காக்டெயிலுக்கும் பட்ஜிக்கும் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

தானியம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் தினை அரிசியும் குதிரைவாலி அரிசியும் உமி நீக்கியவை. அவை வேகவைத்துக் கொடுக்க ஆகும், ஆனால் முளைக்காது. உமி உடைத்துப் பழகுவதற்கும் முளைகட்டுவதற்கும் உமியோடு இருக்கும் தினை வேண்டும். விதைக்கென்று மருந்து கலந்து விற்பதைத் தொடவே கூடாது. கம்பை எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டால் நம் வெக்கைக்கு மறுநாளே முளை எட்டிப்பார்க்கும். நடுவில் மூன்று முறையாவது நல்ல தண்ணீரில் அலச வேண்டும். முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை இருந்தால் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

ஈரமான தீனி எதுவானாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் இருக்க வேண்டாம். மதியத்தில் அதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. உலர்ந்த தானியமும், பெல்லட் (கடையில் விற்கும் குருணைத் தீவனம்) பழக்குகிறவர்களாக இருந்தால் நொறுக்கிய பெல்லட்டும் நாள் முழுக்க இருக்கலாம்.

தட்டில் வைத்தாலும் சீண்டுவதில்லை. என்ன செய்வது?

தட்டை எடுத்துவிட்டுத் தரையில் வெள்ளைத்தாள் விரித்து அதில் தூவுங்கள். காக்டெயிலும் பட்ஜியும் ஆஸ்திரேலியாவில் தரையில் மேய்ந்து புல்விதை பொறுக்குகிற பறவைகள். குனிந்து பொறுக்குவது அவற்றின் உடம்பிலேயே இருக்கிறது. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து விரல் நுனியால் தாளைத் தட்டித் தட்டிக் காட்டுங்கள். தாய் கொத்துவதைப் பார்த்துத்தான் குஞ்சு கொத்தும், இங்கே உங்கள் விரல்தான் அதன் தாய். ஏற்கெனவே தின்னப் பழகிய பறவை ஒன்று, நோய் எதுவும் இல்லாதது, பக்கத்துக் கூண்டில் தெரியும்படி இருந்தால் வேலை பாதி முடிந்தது.

சாயம் போடாத சின்ன ஓலைக் கொட்டான் இருந்தால் அதில் தினையையும் முருங்கை இலையையும் போட்டு வையுங்கள். ஓலையைக் கடிக்கும் சாக்கில் உள்ளே இருப்பதையும் கடித்துப் பார்க்கும். முருங்கைக் கொத்தை நன்றாக அலசி, ஈரத்தோடு கூண்டுக் கம்பியில் செருகினாலும் போதும். சில குஞ்சுகள் அதில் குளிப்பதும் கொத்துவதுமாக ஒரு காலைப்பொழுதையே ஓட்டிவிடும்.

எந்த வேளை ஊட்டுவதை முதலில் குறைக்கலாம்?

நடுப்பகல் வேளையை. காலையில் கொஞ்சம் ஊட்டியிருப்போம், வெளிச்சம் இருக்கும், தீனியும் எதிரில் இருக்கும், அதனால் குஞ்சு பகலில்தான் அதிகம் முயலும். பகல் வேளையைத் தானாகவே தவிர்க்கத் தொடங்கிய பிறகு, காலையில் ஊட்டும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். இரவு வேளையைக் கடைசிவரை வைத்திருங்கள். இருட்டில் குஞ்சு தின்னாது, கழுத்துக்குக் கீழே நெஞ்சில் இருக்கும் தீனிப்பை நிறைந்து தூங்கப் போக வேண்டும்.

ஒரு வேளைக்குக் குஞ்சின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுக்கணக்கு. 80 கிராம் குஞ்சுக்கு 8 மில்லி. சூடு 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 43ஐத் தாண்டினால் தீனிப்பை உள்ளே வெந்து புண்ணாகும், சில நாள் கழித்து ஓட்டை விழும். விரலால் தொட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள், வெப்பமானி வைத்துப் பாருங்கள். மைக்ரோவேவில் சூடேற்ற வேண்டாம், ஓரிடம் ஆறியிருக்கும், இன்னோரிடம் கொதிக்கும். இந்தக் கட்டத்தில் சிரிஞ்சை வைத்துவிட்டு, ஓரம் வளைத்த கரண்டிக்கு மாறுவதும் உதவும். கரண்டியில் தானே நக்கி விழுங்கிப் பழகிய குஞ்சு தட்டுக்கு எளிதாகப் போகும்.

நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த குஞ்சு திடீரென்று வாயைத் திருப்பிக்கொள்கிறது, இளைத்தும் விட்டது. நோயா?

இறக்கை முளைத்துப் பறக்கத் துடிக்கிற வயதா என்று முதலில் பாருங்கள். காக்டெயிலுக்கு இது ஐந்தாவது வாரத்தை ஒட்டி வரும். பறப்பதற்காக உடம்பைத் தானே இளைத்துக்கொள்ளும். ஊட்ட வந்தால் தலையை ஆட்டி உதறிவிட்டு, நாள் முழுக்க இறக்கை அடித்துக்கொண்டிருக்கும். சுறுசுறுப்பாக இருக்கிறது, எச்சம் சரியாக இருக்கிறது என்றால் பயம் வேண்டாம். கட்டாயப்படுத்தி வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும், அது சில நிமிடங்களில் உயிரை எடுத்துவிடும்.

இந்த நேரத்தில் இறக்கையை வெட்டச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். நன்றாகப் பறந்து, இறங்கத் தெரிந்த குஞ்சு துணிச்சலாக இருக்கும், தீனியைத் தேடிப் போகும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, அறைக்குள் பறக்க விடுங்கள்.

எடை பார்த்தே ஆக வேண்டுமா?

ஆமாம். கிராம் கணக்குக் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். தினமும் காலையில், எச்சம் போட்ட பிறகு, ஊட்டுவதற்கு முன்பு நிறுத்து எழுதி வையுங்கள். இறகு மூடிய குஞ்சு இளைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதன் உச்ச எடையிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை இந்தப் பருவத்தில் குறைவது இயல்பு. 90 கிராம் காக்டெயில் 81க்கு வந்தால் கவனமாக இருங்கள், ஒரு வேளையைக் கூட்டுங்கள். அதற்கும் கீழே இறங்கிக்கொண்டே போனால் மருத்துவரிடம் போக வேண்டும்.

தட்டைப் பார்த்து ஏமாந்துவிடவும் கூடாது. நிறைய இருப்பதுபோல் தெரியும், ஊதினால் எல்லாம் உமியாகப் பறக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. இன்னொரு குஞ்சு உமியை மட்டும் உடைத்துவிட்டுப் பருப்பை விழுங்காமல் சிந்திக்கொண்டிருக்கும். சந்தேகமாக இருந்தால் மாலையில் தீனிப்பையை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தானியம் இருந்தால் மணிமணியாகக் கையில் தட்டுப்படும்.

எச்சத்தில் என்ன பார்க்க வேண்டும்?

ஊட்டும் காலத்தில் எச்சம் பெரிதாக, தளர்வாக, பழுப்பாக இருக்கும். தானியத்துக்கு மாறியதும் சிறிதாகி, கரும்பச்சையில் சுருண்டு, மேலே வெள்ளை படிந்திருக்கும். கருத்துப்போய், அளவும் துளியாகக் குறைந்துவிட்டால் வயிற்றில் தீனி இல்லை என்று பொருள், உடனே ஊட்டுங்கள். முழுத் தானியம் அப்படியே வெளியே வருவதும், வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவதும் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

எந்நேரமும் கத்துகிறது. பசியா, பழக்கமா?

தீனிப்பையைப் பாருங்கள். காலியாக இருந்தால் பசி, ஊட்டிவிடுங்கள், அதில் கணக்குப் பார்க்காதீர்கள். நிறைந்திருந்தும் கத்தினால் அதற்கு வேண்டியது நீங்கள். கையில் எடுத்து, தலையைக் கோதிக் கொடுத்து, தினைக்கதிரை நீங்களே பிடித்துக்கொண்டு கொத்த விடுங்கள். அப்போதும் அடங்காவிட்டால் இரண்டு மூன்று மில்லி வெதுவெதுப்பாகக் கொடுப்பதில் தவறில்லை. செல்லம் கொடுத்தால் பழகாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். தைரியமாக இருக்கும் குஞ்சுதான் சீக்கிரம் பழகும்.

எந்தத் தண்ணீர் வைப்பது?

ஃபார்முலாவில்தான் குஞ்சுக்கு இதுவரை தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அது குறையக் குறையத் தண்ணீர்க் கிண்ணம் கட்டாயம். ஆழமில்லாத, கனமான கிண்ணமாக இருக்கட்டும். நம் கரையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதை வைக்காதீர்கள். காவிரித் தண்ணீரோ, நீங்கள் குடிக்கிற கேன் தண்ணீரோ போதும், கொதிக்கவைத்து ஆற்றினால் இன்னும் நல்லது. குஞ்சுகள் தீனியைத் தண்ணீரில் போட்டு ஊறவைக்கும், எச்சமும் போடும். ஆகவே கிண்ணத்தைக் கழுவி ஒரு நாளில் இரண்டு மூன்று முறை மாற்றுங்கள்.

கடற்கரையில் கிடைக்கும் கணவாய் ஓட்டை வைக்கலாமா?

தாராளமாக. கடையில் காசு கொடுத்து வாங்குகிற சுண்ணாம்புச் சத்து நமக்குக் கரையிலேயே ஒதுங்குகிறது. மீன் வெட்டும் இடத்தில் சொல்லி வைத்தாலும் எடுத்து வைப்பார்கள். ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டிவிட்டு, நல்ல தண்ணீரில் சில நாள் ஊறப்போடுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், உப்பு இறங்கினால்தான் கொடுக்கலாம். பிறகு சில நிமிடம் கொதிக்கவைத்து, மொறுமொறுவென்று வெயிலில் காயவைத்து, மெத்தென்ற பக்கம் குஞ்சைப் பார்த்திருக்கும்படி கட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோ கறுப்புக் கறையோ உள்ளதை எடுக்காதீர்கள். சங்கு, பவளப்பாறைத் துண்டு என்று வேறு எதையும் கூண்டுக்காகப் பொறுக்க வேண்டாம், பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம்.

மணலும் சரளையும் கிளிக்குத் தேவையில்லை. அது உமியை நீக்கித்தான் விழுங்குகிறது.

அப்பத்தா சோற்றை மென்று வாயாலேயே ஊட்டச் சொல்கிறார். அந்தக் காலத்தில் அப்படித்தானே வளர்த்தார்கள்?

வளர்த்தார்கள், பாசத்தோடுதான் வளர்த்தார்கள். ஆனால் நம் எச்சிலில் இருக்கும் கிருமிகள் நமக்கு ஒன்றும் செய்யாமல் கிளிக்குஞ்சைப் படுக்கப் போட்டுவிடும். கிளியிடமிருந்து நமக்குத் தொற்றும் கிளிக்காய்ச்சல் என்ற நோயும் உண்டு, நுரையீரலைத் தாக்கும். அதனால் வாயோடு வாய் வைப்பது இரண்டு பேருக்குமே ஆகாது. ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அப்பத்தாவிடம் கரண்டியைக் கொடுத்து ஊட்டச் சொல்லுங்கள், அந்தப் பொறுமை நமக்கு வராது.

பால்சோறும், செரலாக் மாதிரி பால் கலந்த குழந்தை உணவும் வேண்டாம். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைக்குக் கிடையாது.

கொடுக்கவே கூடாதவை எவை?

வெண்ணெய்ப்பழம் என்கிற அவகேடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை. கருவாடு, அப்பளம், முறுக்கு, மிக்சர் எல்லாம் உப்புக்காகவே கூடாது. பழைய நிலக்கடலையும் வேண்டாம், அதில் படியும் பூசணம் ஈரலைக் கெடுக்கும். சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம். அதை முதலிலேயே காட்டிவிட்டால் மற்றதைத் தள்ளிவிட்டு அதையே பொறுக்கும். குஞ்சு நாலு வகையைத் தின்னப் பழகிய பிறகு ஒன்றிரண்டு கொடுங்கள்.

மிளகாய் கொடுக்கலாம். ஆச்சரியமாக இருக்கும், ஆனால் மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதே இல்லை. நம் முண்டு மிளகாயைப் பச்சையாகக் கிள்ளிப் போட்டால் உள்ளிருக்கும் விதையை ரசித்துத் தின்னும். அப்புறம் அந்த அலகால் உங்கள் முகத்தை உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் வெக்கையிலும் காற்றிலும் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

இறகு முளைத்த குஞ்சுக்கு இங்கே பெரும்பாலும் விளக்குச் சூடு தேவைப்படாது, வெக்கைதான் தொல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்து, இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்திருந்தால் சூடு தாங்கவில்லை என்று பொருள். அப்போது தின்னாது, எடை இறங்கும். சித்திரை, வைகாசியில் விடிந்ததும் ஒரு தடவை, வெயில் தாழ்ந்ததும் ஒரு தடவை புதுத் தீனி வைத்தால் போதும். கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் மாதங்களில் கூண்டைத் திண்ணையிலிருந்து உள்ளே எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தானியம் பூசணம் பிடிக்கும், அதனால் கிலோக் கணக்கில் வாங்காமல் அவ்வப்போது வாங்கி, இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்.

சமையல்கட்டுப் பக்கம் கூண்டு வேண்டாம். நான்ஸ்டிக் தவா காய்ந்து புகைந்தால் அந்த ஆவியே கிளியைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையும் ஆகாது.

காலையில் எழுந்து பார்த்தால் நேற்று ஊட்டியது தீனிப்பையில் அப்படியே இருக்கிறது.

அதன் மேல் இன்னும் ஊட்டாதீர்கள். இந்த வயதுக் குஞ்சுக்கு விடிவதற்குள் தீனிப்பை முழுக்கக் காலியாகியிருக்க வேண்டும். தேங்கி, புளித்த வாடை வந்தால் உள்ளே பூஞ்சையோ பாக்டீரியாவோ வளர்கிறது. குஞ்சைக் கதகதப்பாக வைத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தலைகீழாகப் பிடித்து அமுக்கி வெளியே எடுக்கும் வித்தையை வீட்டில் செய்ய வேண்டாம், மூச்சு அடைத்துவிடும்.

நம் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களுக்கு ஆடும் மாடும் கோழியும்தான் அதிகம் வரும். அதனால் குஞ்சு நன்றாக இருக்கும்போதே, கிளி பார்ப்பவர் யார் என்று விசாரித்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சிகிச்சை என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மூன்று வாரக் குஞ்சாக வாங்கினால்தான் நன்றாகப் பழகும் என்கிறார்களே?

நம்பாதீர்கள். அனுபவமில்லாதவர் கையில் மூன்று வாரக் குஞ்சையும் ஒரு பாக்கெட் மாவையும் கொடுத்து அனுப்புவது குஞ்சுக்குச் செய்யும் கொடுமை. மதுரையிலிருந்து பஸ்ஸில் அட்டைப்பெட்டிக்குள் வந்து சேர்வதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடுகிறது. தானாகத் தின்னப் பழகி, இரண்டு வாரம் எடை நின்ற குஞ்சை வாங்குங்கள். தினமும் பேசி, கையிலிருந்து கதிர் கொடுத்தால் அதுவும் உங்கள் தோளை விட்டு இறங்காது. சன் கன்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவை வாங்கினால் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

பனைமரப் பொந்திலிருந்து விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சு கிடைத்தது. இதே முறையில் வளர்க்கலாமா?

நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. மொட்டைப் பனையின் பொந்து எட்டினால் குஞ்சை அதிலேயே விட்டுவிடுங்கள். மனிதக் கை பட்டதற்காகத் தாய் ஒதுக்காது. மரமே சாய்ந்துவிட்டது, அல்லது குஞ்சுக்கு அடி என்றால், காற்றோட்டமுள்ள பெட்டியில் துணி விரித்து வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஊட்டுவதை முழுக்க நிறுத்திவிட்டோம் என்று எப்போது சொல்லலாம்? பழகிய குஞ்சு மறுபடி கேட்டால்?

நாலைந்து நாள் ஒரு சொட்டும் ஊட்டாமல் எடை அப்படியே நின்று, இரவு தூங்கப் போகும்போது தீனிப்பை தானியத்தால் நிறைந்திருந்தால் பழகிவிட்டது. அதன் பிறகும் இரண்டு வாரம் தராசை எடுத்து உள்ளே வைக்காதீர்கள்.

வீடு மாறினால், கூண்டு மாறினால், வீட்டில் விருந்தாளிகள் நிறைந்தால் திரும்பவும் தலையை ஆட்டிக் கத்திக் கேட்கும். பழகிய குஞ்சுக்கு இது சாதாரணம். கொடுத்துவிடுங்கள், இரவில் ஒரு வேளை மட்டும், கரண்டியில். தட்டில் தீனி குறையாமல் இருந்தால் சில நாளில் கரண்டியைத் தானே தள்ளிவிடும். அந்தச் சமயத்தில் கூண்டின் இடத்தையும் தட்டின் இடத்தையும் தீனி வகையையும் ஒன்றாக மாற்றாதீர்கள். பெரிய கூண்டுக்கு மாற்றுவதாக இருந்தால் பழைய தட்டையும் அதே கதிர்க் கொத்தையும் உள்ளே வைத்து, முதல் இரண்டு நாள் தாழ்ந்த கொம்பில், தீனிக்குப் பக்கத்திலேயே உட்காரும்படி செய்யுங்கள்.